எண்ணெய்க் கிணற்றுக் கழிவுநீரை மறுபயன்பாட்டுக்குக் கொண்டுவந்த அனுபவம்

எண்ணெய், எரிவாயுக் கிணறுகளிலிருந்து வெளிவரும் கழிவுநீரைச் சுத்திகரித்து, அடுத்த கிணற்றில் நீரழுத்தத்தால் பாறையைப் பிளக்கும் பணிக்கு அனுப்பும் பொறுப்பை ஏற்றபோது, உப்பை என்ன செய்வது என்பதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டியிருந்தது. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. எங்களுக்கு வந்த நீரில் அதைப் போல நான்கு மடங்கு இருந்தது. இவ்வளவு உவர்ப்பான நீரின் சவ்வூடுபரவல் அழுத்தம், அதாவது சவ்வு வழியே நன்னீரைப் பிரிக்க வென்றாக வேண்டிய அழுத்தம், வழக்கமான ஆர்.ஓ. சவ்வுகள் தாங்கும் அழுத்தத்தையே மிஞ்சிவிடும். ஆவியாக்கிப் பிரிப்பதோ எரிபொருளை விழுங்கும். மீண்டும் நிலத்தடிக்கே போகப்போகும் நீரில் உப்பு இருந்துவிட்டுப் போகட்டும், குழாயில் உராய்வைக் குறைக்க நீரில் சேர்க்கும் பாலிமரை மட்டும் உப்பைத் தாங்கும் வகையாகத் தேர்ந்தெடுப்போம் என்று வலியுறுத்தினேன், அது ஏற்கப்பட்டது.

அதன்பின் கவனம் முழுவதும் நீரில் கரைந்திருந்த இரும்பின் மீதும் பேரியம் என்ற உலோகத்தின் மீதும் திரும்பியது. கிணற்றிலிருந்து அப்போதுதான் எடுத்த மாதிரி, குடுவையில் தெளிவாகவே தெரியும். காற்றுப் பட்டால், கரைந்துள்ள இரும்பு ஆக்சிஜனேற்றம் அடைந்து, சில மணி நேரத்தில் அடியில் செம்பழுப்பு வண்டல் படிந்துவிடும். இந்த மாற்றம் பாறைப் பிளவுக்குள் நடந்தால் வாயு வரும் வழியே அடைபடும். ஆகவே எண்ணெயை வழித்தெடுத்து, நச்சு வாயுவான ஹைட்ரஜன் சல்பைடு இல்லை என்று உறுதி செய்த பிறகு, சுண்ணாம்பு சேர்த்து பி.எச். அளவை 8க்கு அருகே உயர்த்தி, காற்றூட்டி, இரும்பைத் தொட்டியிலேயே படியவைத்தோம்.

பேரியம் இதைவிடச் சிக்கலானது. சல்பேட் உள்ள நன்னீருடன் கலந்தால் அது பேரியம் சல்பேட்டாகக் குழாய்ச் சுவரில் இறுகிவிடும். சாதாரண அமிலத்துக்குக் கரையாது. சோடியம் சல்பேட் சேர்த்து அதை முன்கூட்டியே பிரித்தோம், ஆனால் மிஞ்சிய சல்பேட் பாறைக்குள் இருக்கும் பேரியத்தோடு சேர்ந்துவிடக்கூடும் என்பதால், ஒவ்வொரு தொட்டி நீரையும் சோதித்த பிறகே அளவைக் கணக்கிட்டோம். பேரியத்தோடு கதிரியக்கத் தனிமமான ரேடியமும் கசட்டில் இறங்குகிறது. எனவே கதிர்வீச்சை அளக்காமல் கசட்டை வெளியே அனுப்பக் கூடாது என்பதில் நான் சிறிதும் விட்டுக்கொடுக்கவில்லை. நீரைத் தூய்மையாக்கிவிட்டு நச்சை வேறிடத்தில் கொட்டுவதைச் சுத்திகரிப்பு என்று சொல்ல முடியாது.

இறுதியாக, பாக்டீரியாக்களை அழிக்கக் குளோரின் டையாக்சைடு செலுத்தினோம். சேமிப்பில் அவை மறுபடியும் பெருகும் என்பதால், கிணற்றுக்குள் செலுத்தும் முன் மீண்டும் சோதித்துப் பார்த்தே நீரை விடுவித்தோம்.