எங்கள் கரையை நாங்களே வரைந்தோம்

கடற்கரையை ஒட்டி எங்கே எதைக் கட்டலாம், எதைக் கட்டக்கூடாது என்று வகுப்பது மத்திய அரசின் கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்கான 2019 அறிவிக்கை. அதன்படி தயாரான வரைவு வரைபடத்தில் எங்கள் மீனவ ஊரைக் கண்டுபிடிக்கவே நேரம் பிடித்தது. வீடுகள் ஓரளவு தெரிந்தன. படகு ஏற்றும் மணல், வலை காயும் திடல், கருவாடு காயப்போடும் இடம், ஏலக் கொட்டகை எதுவும் இல்லை. கடலுக்கும் வீட்டுக்கும் நடுவே வெறும் நிலம். வெறும் நிலம் என்று பதிவாகிவிட்டால், நாளைக்கு வேறு யாராவது அதில் திட்டம் போடுவார்கள். அந்தப் பயம்தான் எங்களை ஒன்றுகூட்டியது.

அறிவிக்கையை வரி வரியாகப் படித்தோம். மீனவர் ஊர்கள், அவர்களின் பொதுச் சொத்துகள், ஐஸ் பிளாண்ட், மீன் உலர்த்தும் தளம், மருந்தகம், பள்ளி, சாலை ஆகியவற்றை சர்வே எண் தெரியும் அளவுக்குப் பெரிய வரைபடத்தில் காட்ட வேண்டும் என்கிறது அது. மீனவரின் நீண்டகால வீட்டுத் தேவைக்கு மாநில அரசு விரிவான திட்டம் தயாரிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. ஊர்க் கூட்டத்தில் இந்த வரிகளை உரக்கப் படித்தபோது, இத்தனை நாள் இதை யாரும் எங்களிடம் சொல்லவில்லையே என்று பெரியவர்கள் கொதித்தார்கள்.

கடலில் பாடு, அதாவது மீன் பிடிக்கும் இடம், குறிக்கும் ஜிபிஎஸ் கருவியையே கரையில் பயன்படுத்தினோம். பெரியப்பா ஒருவர் முன்னே நடந்து இடம் காட்ட, இளைஞர்கள் புள்ளி குறித்தார்கள். "கோடைப் படகுத்துறை வேறு, வாடைக்காலப் படகுத்துறை வேறு. இரண்டையும் தனித்தனியாகக் குறி" என்றார் அவர். கோடையில் எடுத்த செயற்கைக்கோள் படத்தில் அகன்ற மணலாகத் தெரியும் இடத்தில், ஐப்பசி கார்த்திகையில் அலை வந்து நிற்கும். அப்போது படகுகள் வீட்டு வாசல் வரை ஏறிவிடும். வீடுகளுக்கு இடையே நாங்கள் விட்டு வைத்திருக்கும் சந்துகள் அதற்காகத்தான். அந்தச் சந்துகளும் பொதுச் சொத்து என்று எழுதினோம். கரைவலை இழுக்க நீளமான கரை வேண்டும். நடுவில் ஒரு சுவர் எழுந்தாலும் அந்தத் தொழில் அங்கே முடிந்தது.

பெண்கள் சேர்ந்த பிறகு வரைபடம் இன்னும் நிறைந்தது. கருவாடு போடும் அத்தை ஒருவர் நெத்திலி காயும் மணலையும் பெரிய மீன் காயும் மேட்டையும் பிரித்துக் காட்டினார். மீன் கூடையோடு பஸ் நிறுத்தத்துக்குப் போகும் பாதை, முகத்துவாரத்தில் கையால் இறால் பிடிக்கும் சேற்றுப் பகுதி எல்லாம் அவர்கள் சொல்லித்தான் வந்தன.

வீட்டுக் கணக்கு எடுப்பது எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது. சுனாமிக்குப் பிறகு கட்டிய வீடுகளில் இப்போது ஒரே கூரையின்கீழ் இரண்டு, மூன்று குடும்பங்கள். இன்னும் இருபது ஆண்டில் கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போகும் பிள்ளைகள் எத்தனை பேர் என்று வீடு வீடாகக் கேட்டு எழுதினோம். ஊரகக் கடற்கரையில் 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வசித்தால் பொதுவாகப் புதிய கட்டடங்களுக்குத் தடை உள்ள வளர்ச்சித் தடைப் பகுதி, கடல் ஏற்றத்தில் நீர் எட்டும் எல்லையான உயர் அலைக் கோட்டிலிருந்து 50 மீட்டர். அதற்குக் குறைந்தால் 200 மீட்டர். எங்கள் ஊர் எந்த வகையில் வருகிறது என்பதைப் பொறுத்துத்தான் அந்தப் பிள்ளைகள் எங்கே வீடு கட்டுவார்கள் என்பது அமையும். ஆகவே அதை எழுத்துபூர்வமாகக் கேட்டோம்.

வரைவு வரைபடம் பற்றி மக்களிடம் நடந்த கருத்துக்கேட்புக் கூட்டம் சத்தமும் நெரிசலுமாகக் கழிந்தது. மைக்கில் ஆளுக்குச் சில நிமிடங்கள்தான். பேசுவது அவசியம், ஆனால் எழுதிக் கொடுப்பதுதான் கோப்பில் நிற்கும். ஒவ்வொரு இடத்துக்கும் சர்வே எண், ஜிபிஎஸ் புள்ளி, புகைப்படம், கூடவே கிராம சபைத் தீர்மானம் என்று இணைத்து, இன்னொரு நகலில் முத்திரையும் தேதியும் வாங்கினோம். பிற ஊர்க்காரர்கள் எங்களிடம் கேட்டால் முதலில் இதைத்தான் சொல்கிறேன்: கூட்டத் தேதி அறிவித்த பிறகு வரைபடம் போட உட்கார்ந்தால் நேரம் போதாது. ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் கரையைப் பார்த்துக் குறித்து வையுங்கள். வரைவைத் தமிழில், சர்வே எண்ணோடு, ஊரிலேயே ஒட்டச் சொல்லிக் கேளுங்கள்.

திருத்திய வரைபடம் வரும்போது நாங்கள் முதலில் பார்க்கப்போவது வாடைக்காலப் படகுத்துறையை. அது விடுபட்டிருந்தால், முத்திரை வாங்கிய அந்த நகலோடு மறுபடியும் மனு கொடுப்போம்.