ஆறரை டாலர் கணக்கு

சீனாவுடன் அமெரிக்காவுக்கு இருக்கும் வர்த்தகப் பற்றாக்குறை (அங்கே விற்பதைவிட அங்கிருந்து வாங்குவது எவ்வளவு அதிகம் என்ற கணக்கு) பற்றிப் பேச்சு வந்தாலே எனக்கு 2009இல் விற்ற ஐபோன்தான் நினைவுக்கு வரும். தயாரிப்புச் செலவு சுமார் 179 டாலர். அதில், பாகங்களைப் பொருத்தித் தந்ததற்காகச் சீனாவில் தங்கியது வெறும் ஆறரை டாலர். மற்றதெல்லாம் ஜப்பான், கொரியா, ஜெர்மனி, ஏன், அமெரிக்காவிலிருந்தே போன பாகங்களின் விலை. ஆனால் பெட்டி சீனாவிலிருந்து கப்பலேறியதால் 179 டாலரும் சீனாவின் பேரில் எழுதப்பட்டது. அரிசி மூட்டையைச் சுமந்து வந்த கடைப் பையனையே விவசாயி என்பதுபோல!

சீனா ஒன்றுமறியாத பிள்ளை என்று சொல்லவில்லை. தன் பொருட்கள் வெளியே மலிவாக இருக்கட்டுமென்று, தன் நாணயமான யுவானின் மதிப்பைப் பல ஆண்டுகள் அழுத்தி வைத்திருந்தது. 2001இல் உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தபின் தொழிற்சாலைகள் அங்கே குவிந்தன. ஆனாலும் பெரிய ஓட்டை அமெரிக்காவின் வீட்டுக்குள்தான் இருக்கிறது: சேமிப்பு குறைவு, செலவு அதிகம், அரசாங்கமே கடனில் ஓடுகிறது. உள்ளே உண்டாக்குவதைவிட அதிகம் செலவழித்தால், மிச்சத்தை வெளியிலிருந்துதான் வாங்கியாக வேண்டும்.

2018இல் சீனப் பொருட்கள்மீது அமெரிக்கா இறக்குமதி வரி போட்டது. அந்த ஆண்டு சீனாவுடன் சுமார் 420 பில்லியன் டாலராக இருந்த சரக்கு வர்த்தகப் பற்றாக்குறை 2024இல் 295 பில்லியனாக இறங்கியது. அதே 2024இல் வியட்நாமுடனான பற்றாக்குறை 120 பில்லியனைத் தாண்டியது. எல்லா நாடுகளையும் சேர்த்துப் பார்த்தால், தொகை கூடித்தான் போயிருந்தது.