பைத்தான் அரியரும் அம்மா போனில் இருந்த போட்டோக்களும்

பி.சி.ஏ. மூன்றாம் செமஸ்டரில் எனக்கு விழுந்த ஒரே அரியர், பைத்தான் என்ற புரோகிராமிங் மொழியின் பிராக்டிகல். தியரியில் நல்ல மார்க்தான். பைத்தானை உருவாக்கியவர் கைடோ வான் ரோசம், வெளிவந்தது 1991, லிஸ்ட்டை மாற்றலாம், டியூப்பிளை மாற்ற முடியாது என்று ஒரு மார்க் கேள்விகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ரெக்கார்டு நோட்டில் இருந்த ஃபிபோனாச்சி, பாலிண்ட்ரோம், பகா எண் எல்லாம் மனப்பாடம். அன்று லேபில் வந்த கேள்வி வேறு. ஒரு ஃபைலைத் திறந்து அதில் எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணி இன்னொரு ஃபைலில் எழுத வேண்டும். ஃபைலைத் திறந்தேன். அதற்கு மேல் கை ஓடவில்லை.

வீடு சென்னை காசிமேடு. லேப்டாப் கிடையாது. காலேஜ் லேபில் வாரம் இரண்டு மணி நேரம், அதிலும் பாதி நேரம் லாகின் ஆகவே போய்விடும். கையில் இருந்தது போன் மட்டும், அதிலும் இடம் இல்லை என்று தினமும் நோட்டிஃபிகேஷன். அந்தச் சமயத்தில் அம்மா, "உன் அக்கா வளைகாப்பு போட்டோ எல்லாத்தையும் ஒரே இடத்துல போட்டுக் குடுடா" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அம்மா போனில் பாதி, என் போனில் பாதி. சரி, இதையே ரீ-எக்ஸாமுக்குப் படிப்பாக வைத்துக்கொள்வோம் என்று உட்கார்ந்தேன்.

போனிலேயே பைத்தான் ஓடும். ஆண்ட்ராய்டில் கட்டளை தட்டி வேலை வாங்க டெர்மக்ஸ் என்று ஒரு ஆப் இருக்கிறது, எஃப்-ட்ராய்டு என்ற இலவச ஆப் தளத்தில் இருந்து இறக்கலாம். உள்ளே போய் பைத்தானை நிறுவ ஒரே வரி. போட்டோ ஃபோல்டர்களைப் பார்க்க ஸ்டோரேஜ் அனுமதி கேட்கும் கட்டளையை ஒருமுறை ஓட்ட வேண்டும். படங்களைப் படிக்கும் பில்லோ லைப்ரரியைப் பைத்தானின் வழக்கமான இன்ஸ்டாலரான பிப் வழியாகப் போடப் போய் ஒரு சாயங்காலம் முழுக்கச் சிவப்பு எழுத்துகளைப் பார்த்தேன். டெர்மக்ஸின் சொந்த பேக்கேஜாகவே பில்லோ இருக்கிறது, அதைப் போட்டால் ஒரு நிமிடம். தொடுதிரையில் இண்டெண்டேஷன், அதாவது வரிக்கு முன்னால் விடும் இடைவெளி, தட்டுவது கொடுமை. பர்மா பஜாரில் ஒரு ஓ.டி.ஜி. கம்பி வாங்கி, மாமா வீட்டில் சும்மா கிடந்த பழைய கீபோர்டைச் செருகிக்கொண்டேன்.

ஆண்ட்ராய்டு கேலரியில் நாம் பார்க்கும் ஆல்பம் பெரும்பாலும் ஒரு ஃபோல்டர்தான். அதனால் 2023-11, 2023-12 என்று மாதவாரியாக ஃபோல்டர் போட்டுப் படங்களை நகர்த்தினால் போதும். கஷ்டம் எதில் என்றால், படம் எந்த மாதத்தையது என்று கண்டுபிடிப்பதில். கேமரா எடுத்த படத்துக்குள் எக்ஸிஃப் என்ற குறிப்பு இருக்கும், எடுத்த நேரம் அதில் 36867 என்ற எண்ணின் கீழ். நான் பில்லோவில் அந்த எண்ணை நேராகக் கேட்டேன், ஒன்றுமே வரவில்லை. அது எக்ஸிஃபின் உள்ளறை ஒன்றில் இருக்கிறது, அந்த அறையைத் தனியாகத் திறக்க வேண்டும் என்று புரிய இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளில்தான், ஒரு பெயருக்கு ஒரு மதிப்பு என்று சேர்த்து வைக்கும் டிக்‌ஷனரிக்குள் டிக்‌ஷனரி என்றால் என்னவென்று எனக்கு உறைத்தது. தேதியிலும் ஒரு குசும்பு: வருடம், மாதம், நாளுக்கு நடுவில் கோடு வராது, முக்காற்புள்ளி வரும்.

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக வந்த படங்களில் இந்தக் குறிப்பே இருக்காது, அனுப்பும்போது அழிந்துவிடும். ஆனால் ஃபைல் பெயரிலேயே 20231204 என்று எட்டு இலக்கம் இருக்கும். அதை, எழுத்துகளின் வடிவத்தை வைத்துத் தேடும் ரெகுலர் எக்ஸ்பிரஷனால் பிடிக்கலாம், ஸ்ட்ரிங் ஸ்லைசிங்கிலும் வெட்டலாம். எக்ஸிஃப் இல்லையா, பெயரைப் பார். பெயரிலும் இல்லையா, கடைசியாக ஃபைல் மாறிய நேரத்தைப் பார். இப்படி அடுக்கடுக்காக எழுதும்போதுதான், எர்ரர் வந்தாலும் நிற்காமல் அடுத்த வழிக்குப் போக வைக்கும் டிரை, எக்ஸெப்ட் எதற்கு இருக்கிறது என்று தெரிந்தது. நோட்டில் பூஜ்ஜியத்தால் வகுத்துக் காட்டியபோது எனக்கு அது புரியவே இல்லை.

இப்போது நான் அடிபட்ட இடம். முதலில் நகர்த்தாமல், எந்த ஃபைல் எங்கே போகும் என்று பிரிண்ட் மட்டும் செய்து பார்த்தேன், சரியாக வந்தது. தைரியம் வந்துவிட்டது. அம்மா போன் படங்களையும் என் போனில் கொட்டி, நகர்த்தும் வரியை ஓட்டினேன். எர்ரர் ஒன்றும் இல்லை. ஆனால் நவம்பர் ஃபோல்டரில் எண்ணிக்கை 37 குறைந்தது. காரணம் இதுதான். வாட்ஸ்அப் படத்தின் பெயரில் தேதிக்குப் பின்னால் வரும் வரிசை எண் அந்தந்தப் போனுக்கு உரியது. அம்மா போனில் ஒரு நாளின் மூன்றாவது படத்துக்கும் என் போனில் அதே நாளின் மூன்றாவது படத்துக்கும் ஒரே பெயர். போய்ச் சேரும் இடத்தை ஃபைல் பெயரோடு முழுசாகக் கொடுத்து நகர்த்தினால், அங்கே ஏற்கெனவே இருக்கும் ஃபைலின் மேல் சத்தமில்லாமல் ஏறி உட்கார்ந்துவிடும். கேட்காது, திட்டாது.

அம்மா போனில் இடம் காலியாகட்டும் என்று அங்கேயும் அழித்திருந்தேன். புத்திசாலி! கடைசியில் குடும்ப குரூப்பில் கெஞ்சினேன். அத்தையும் சித்தியும் திரும்ப அனுப்பினார்கள். அவை திரும்ப அனுப்பிய நாளின் தேதியோடு இறங்கின, நான் எழுதிய ஸ்கிரிப்ட் அவற்றைப் பிப்ரவரியில் போட்டது. "கார்த்திகையிலதானடா வளைகாப்பு போட்டோம்?" என்று அம்மா கேட்டார். அந்த ஃபோல்டரை மட்டும் கையால் திருத்தினேன்.

அதற்குப் பிறகு நான் மாற்றிக்கொண்டவை: நகர்த்துவதை விட்டு, ஃபைலின் நேரத்தையும் சேர்த்துக் காப்பி எடுக்கும் காப்பி-2 ஃபங்ஷன். அந்தப் பெயர் இருக்கிறதா என்று முதலில் பார்த்து, இருந்தால் பின்னால் ஒரு எண் ஒட்டுவது. ஓட்டும் முன்பும் பின்பும் எண்ணுவது. எண்ணிக்கை பொருந்தும் வரை பழையதில் கை வைக்கக் கூடாது. முதல் வாரம் 20 படம் போட்ட ஒரு சோதனை ஃபோல்டரைத் தாண்டிப் போகாதீர்கள்.

ஒரே படம் பலமுறை இருப்பதைப் பிடிக்கும் வேலையை 2023 டிசம்பர் ஃபோல்டரில் செய்தேன். மிக்ஜாம் புயல் நாட்களில் தெருவில் முழங்கால் தண்ணீர் நின்ற அதே படம் நாலு குரூப்பில் வந்திருந்தது. முதலில் ஒரே அளவுள்ள ஃபைல்களைக் கூட்டி, பிறகு அவற்றுக்கு மட்டும் ஹேஷ், அதாவது ஃபைலின் உள்ளடக்கத்தை வைத்துக் கணக்கிடும் கைரேகை மாதிரியான ஒன்று, போட்டால் போனுக்கும் சூடு ஏறாது. பைட்டுக்குப் பைட் அப்படியே இருந்தால்தான் ஹேஷ் பிடிக்கும். ஸ்கிரீன்ஷாட் எடுத்தோ மறுபடி சுருக்கியோ அனுப்பியது தப்பித்துவிடும், அதைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

ஏப்ரலில் ரீ-எக்ஸாம். மாணவர் மார்க் உள்ள ஃபைலைப் படித்து, பாடவாரியாகப் பிரித்து, தனித்தனி ஃபைலில் எழுதச் சொன்னார்கள். மாதத்துக்குப் பதில் பாடம், படத்துக்குப் பதில் மார்க். ஒரு வரி காலியாக இருந்தது, வேண்டுமென்றே வைத்திருப்பார்கள் போல. டிரை, எக்ஸெப்ட்டில் அதைத் தாண்டினேன். வாய்மொழித் தேர்வான வைவாவில், வெளியிலிருந்து வந்த எக்ஸ்டர்னல் சார், "அவுட்புட் ஃபைல் ஏற்கெனவே இருந்தா என்ன ஆகும்?" என்று கேட்டார்.

"பழையது அழிஞ்சிடும் சார், கேட்கக்கூடச் செய்யாது" என்றேன்.