மலையும் மேற்கே, காற்றும் மேற்கே: தென்காசியில் ஒரு வீடு கட்டிய கதை

தென்காசிக்கு வெளியே, குற்றாலம் செல்லும் சாலையிலிருந்து சற்று உள்ளடங்கிய இடத்தில், 2022ஆம் ஆண்டின் இறுதியில் 9 சென்ட் மனை ஒன்றை வாங்கினோம். தெற்கு வடக்காக 49 அடியும் கிழக்கு மேற்காக 80 அடியும் கொண்ட அந்த மனைக்குச் சாலை கிழக்கே இருந்தது. மேற்கு எல்லையில் போய் நின்றால் மலை முழுவதும் கண்ணுக்குத் தெரிந்தது. அதற்காகவே வாங்கினோம் என்று சொன்னால் மிகையில்லை. பணி ஓய்வுக்குப் பிறகு மாலையில் ஒரு நாற்காலியைப் போட்டு மலையைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும் என்பதைத் தவிர வீட்டைப் பற்றி எங்களுக்கு அப்போது வேறு கற்பனை எதுவும் இருக்கவில்லை.

முதலில் ஊரில் எல்லோரும் செய்வதையே நாங்களும் செய்தோம். தெரிந்த ஒரு என்ஜினியரிடம் போனோம். இரண்டு நாளில் வரைபடம் கைக்கு வந்துவிட்டது. மூன்று படுக்கையறைகள், முன்னால் கார் நிறுத்தப் போர்டிகோ, ஆக 1,600 சதுர அடி. சுற்றிலும் விதிப்படி விட வேண்டிய இடம் சந்து சந்தாக விடப்பட்டிருந்தது. மலையைப் பார்க்க வேண்டிய மேற்குப் பக்கத்தில் இரண்டு குளியலறைகளும் ஒரு படுக்கையறையின் சிறிய சன்னலும் வந்திருந்தன. வெளியில் உட்கார இடம் எங்கே என்று கேட்டபோது, “மொட்டை மாடி இருக்குல்லா டீச்சர்” என்றார். அவர்மீது குறை சொல்ல ஒன்றுமில்லை. உள்ளே எத்தனை அறை வேண்டும் என்று அவர் கேட்டார், நாங்கள் சொன்னோம். வெளியே எப்படி வாழப் போகிறோம் என்பதை நாங்களும் சொல்லவில்லை.

அந்த வரைபடத்தை அலமாரியில் வைத்துவிட்டு, திருநெல்வேலியில் தொழில் செய்யும் ஓர் இளம் கட்டடக் கலைஞரைத் தேடிப் போனோம். அவர் உடனே எதையும் வரைய மறுத்துவிட்டார். ஓராண்டு முழுவதும், மாதத்துக்கு இரண்டு முறையாவது, காலையிலும் நண்பகலிலும் மாலையிலும் மனையில் போய் உட்கார்ந்து, வெயில் எங்கே விழுகிறது, காற்று எங்கிருந்து வருகிறது, மழைத்தண்ணீர் எந்த வழியாக ஓடுகிறது என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வரச் சொன்னார். பள்ளிப் பிள்ளைகளுக்கு நான் காலமெல்லாம் கொடுத்த வீட்டுப்பாடத்தை இப்போது யாரோ எனக்குக் கொடுக்கிறார்கள் என்று வீட்டில் சிரித்தார்கள். ஆனால் 2023ஆம் ஆண்டு முழுவதும் எழுதிய அந்த 80 பக்க நோட்டுதான் இந்த வீட்டின் உண்மையான வரைபடம்.

ஆனி பிறந்ததும் முதல் உண்மை தெரிந்தது. செங்கோட்டைக்கு அப்பால் ஆரியங்காவுக் கணவாய் வழியாக நுழைகிற காற்று, ஆனி ஆடி மாதங்களில் மேற்கிலிருந்து எங்கள் மனைமீது நேராக மோதியது. அதனோடு சாரலும் சாய்ந்து வந்தது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள்; எங்கள் பிளாஸ்டிக் நாற்காலி கிழக்கு வேலியில் போய் மாட்டிக்கொண்டது. கோடையிலோ, பிற்பகல் 3 மணிக்குமேல் சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கும் வரை மேற்குப் பக்கம் நிற்க முடியவில்லை. ஆக, எந்தத் திசையைப் பார்க்க ஆசைப்பட்டு மனையை வாங்கினோமோ, அந்தத் திசையிலிருந்துதான் காற்று, சாரல், வெயில் மூன்றும் வந்தன. இந்த ஒரு முடிச்சை அவிழ்ப்பதற்காகவே அதன் பிறகு ஐந்து மாதம் வரைவதும் அழிப்பதுமாக இருந்தோம்.

அதே ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் கொட்டித் தீர்த்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. எங்கள் பக்கம் அவ்வளவு இல்லையென்றாலும், மழை விட்டதும் போய்ப் பார்த்தபோது மனையின் வடகிழக்கு மூலையில் முழங்கால் அளவுத் தண்ணீர் நின்றது. தண்ணீர் நின்ற மட்டத்தைப் பக்கத்து வேப்பமரத்தில் சுண்ணாம்பால் கோடு போட்டு வைத்தோம். பின்னர் வீட்டின் தரைமட்டம் அந்தக் கோட்டுக்கு இரண்டரை அடி மேலே இருக்க வேண்டும் என்று முடிவானதற்கும், மழைநீர்க் குழி அந்த மூலையில் வந்ததற்கும் அதுவே காரணம். ஈசானிய மூலையில் தண்ணீர் அமைந்துவிட்டதென்று என் மாமனாருக்கு மிகுந்த திருப்தி. அவர் திருப்தியைக் கெடுப்பானேன் என்று நாங்கள் வாய் திறக்கவில்லை.

கட்டடக் கலைஞர் சொல்லித் தந்தவற்றில் எனக்கு மிகவும் வியப்பளித்தது சூரியனைப் பற்றிய ஒரு கணக்கு. தென்காசி ஏறத்தாழ 9 பாகை வட அகலாங்கில் இருக்கிறது. அதனால் சித்திரை முதல் நாளை ஒட்டி நண்பகல் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வந்து, அதன் பிறகு ஆகஸ்ட் இறுதி வரை வடக்கே சாய்ந்து நிற்கிறது. வடக்குச் சுவரில் வெயிலே படாது, அங்கே சன்ஷேடு தேவையில்லை என்று ஊரில் எல்லோரும் சொல்வது வடநாட்டுக்குப் பொருந்தலாம், நமக்குப் பொருந்தாது. நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். வைகாசி மாத நண்பகல் குறிப்பில் “மரத்தின் நிழல் தெற்கே விழுகிறது” என்று நானே எழுதி வைத்திருந்தேன், அதன் பொருள் புரியாமல்.

இறுதியில் அமைந்த திட்டம் இது. அறைகளின் பரப்பை 1,600 சதுர அடியிலிருந்து 1,180 ஆகக் குறைத்தோம். மூன்றாவது படுக்கையறை போயிற்று. அந்த இடமும் பணமும் கிழக்கே 8 அடி அகலத் திண்ணையாகவும், நடுவில் 10 அடிக்கு 12 அடி முற்றமாகவும், மேற்கே 9 அடி ஆழத் தாழ்வாரமாகவும் மாறின. காற்றுக் காலத்தில் உட்காரும் இடம் கிழக்குத் திண்ணை, ஏனெனில் வீடே அதற்குக் காற்றுத் தடுப்பு. ஆனால் மலை? செட்டிநாட்டு வீடுகளில் முகப்பில் நின்றால் வாசல்கள் ஒரே நேர்கோட்டில் அமைந்து பின்கட்டு வரை பார்வை ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே போல, தலைவாசல், கூடம், முற்றம், மேற்குக் கதவு ஆகியவை ஒரே கோட்டில் வைக்கப்பட்டன. கிழக்குத் திண்ணையில் உட்கார்ந்தபடி திரும்பினால், நான்கு நிலைகளுக்கு அப்பால் மலை ஒரு சட்டத்துக்குள் தெரியும். மேற்குத் தாழ்வாரத்தின் ஓட்டுச் சாய்ப்பு வெளி விளிம்பில் ஆறரை அடி உயரத்துக்கு இறங்கி வந்ததால், மாலை வெயில் பெரும்பாலும் தரையோடு நின்றுவிடுகிறது. உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்கு மலை மறைவதில்லை. நின்றால்தான் ஓடு மறைக்கும். இந்த உயரத்தை முடிவுசெய்ய மனையில் இரண்டு மூங்கில்களை நட்டு, குறுக்கே துணி கட்டி, நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தோம்.

அனுமதிக் கட்டத்தில் நான் எதிர்பாராத ஒன்று நடந்தது. 2024 ஜூலையில் தமிழ்நாட்டில், வீடு கட்டுவோரே சான்றளித்து அனுமதி பெறும் சுயசான்று முறை வந்திருந்தது. உடனே கிடைத்துவிடும் என்று நம்பினோம். ஆனால் அது 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை கட்டுவோருக்கே உரியதாக இருந்தது. எங்கள் மனை 3,920 சதுர அடி என்பதால் வழக்கமான முறையில்தான் விண்ணப்பிக்க முடிந்தது. பின்னாளில் முற்றத்துக்கு மேலே கூரை போடுவீர்களா என்ற ஒரு கேள்விக்கு விளக்கக் கடிதம் கொடுத்ததில் சில வாரங்கள் கழிந்தன. வங்கியிலிருந்து மதிப்பீடு செய்ய வந்தவரும் தாழ்வாரத்தின் வரைபடத்தைப் பார்த்துவிட்டு “ஓட்டு வீடா?” என்று கேட்டார். சொந்த வீடு என்றால் கான்கிரீட் என்று ஆகிவிட்ட காலத்தில் அந்தக் கேள்வி நியாயமானதுதான்.

ஒப்பந்தம் பேசும்போதுதான் பெரிய தடுமாற்றம். நம் ஊரில் ‘சதுர அடிக்கு இவ்வளவு’ என்பது உள்ளே இருக்கும் கட்டடத்துக்கான கணக்கு. திண்ணை பாதி விலையா முழு விலையா, திறந்த முற்றத்துக்குக் கருங்கல் பாவுவது யார் பொறுப்பு, மழைநீர்க் குழி, மதில், வெளிப்படிகள், தோட்டத்துக் குழாய் ஆகியவை எந்தக் கணக்கில் வரும் என்று எதுவும் அதில் இருக்காது. எங்களைப் போல வீட்டின் மூன்றில் ஒரு பங்கை வெளியே வைப்பவர்களுக்கு அந்தக் கணக்கு அடியோடு உதவாது. முதலில் பேசிய ஒப்பந்தக்காரரோடு இதிலேயே உடன்பாடு வராமல் போனது. பிறகு ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி அளவும் விலையும் எழுதிய பட்டியலைக் கட்டடக் கலைஞரே தயாரித்தார். எங்கள் ஊர் மூத்த கொத்தனார் அதை ஏற்று, கூலிக்கு மட்டும் வேலை எடுத்துக்கொண்டார். பொருள் வாங்குவது எங்கள் பொறுப்பு. ஓய்வு பெற்ற பிறகுதான் எனக்கு வேலை அதிகம் என்று தெரிந்தது.

2025 தையில் அடித்தளத்துக்கு வானம் தோண்டினோம். சுவர்களை ரேட்-ட்ராப் முறையில் கட்ட வேண்டும் என்பது என் பிடிவாதம். கேரளத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பரவலாக்கிய இம்முறையில் செங்கல்லைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்திக் கட்டுவதால், 9 அங்குலச் சுவருக்குள் 3 அங்குல இடைவெளி கிடைக்கிறது. கல் ஏறத்தாழ கால் பங்கு மிச்சமாகிறது, வெப்பமும் உள்ளே குறைவாக வருகிறது. கொத்தனாருக்கு இது புதிது. “உள்ள பொத்தலா இருக்க சுவத்த எப்படி டீச்சர் நம்புறது?” என்றார். மனையின் ஓரத்தில் நான்கடி உயரத்துக்கு ஒரு மாதிரிச் சுவரைக் கட்டிக் காட்டிய பிறகு ஒப்புக்கொண்டார். அந்த மாதிரிச் சுவர் இன்று துவைக்கும் கல்லுக்கு மறைப்பாக நிற்கிறது. பூசாத சுவர் என்பதால் கல் ஒரே அளவில் இருக்க வேண்டும்; வந்த லோடில் கோணல் கல்லைப் பிரித்தெடுத்து உள்சுவர்களுக்கு ஒதுக்குவதற்கே ஓர் ஆள் தேவைப்பட்டார். மின்குழாய்கள் எங்கே போகின்றன என்பதையும் கட்டும்போதே முடிவு செய்தாக வேண்டும். பிறகு சுவரை வெட்டினால் அந்த இடைவெளி உடைந்துபோகும்.

இங்கே நான் செய்த தவற்றையும் எழுதியாக வேண்டும். மேற்குச் சுவரை மட்டும் பூசிவிடலாம் என்று கட்டடக் கலைஞர் இருமுறை சொன்னார். நான்கு பக்கமும் செங்கல் தெரிந்தால்தான் அழகு என்று நான் கேட்கவில்லை. சித்திரை இறுதியில் தளம் போட்டோம். ஆனியில் சாரல் தொடங்கியது. தாழ்வாரத்தின் நிழலில் இருந்த பகுதிக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்கு வெளியே நீண்டிருந்த தென்மேற்குப் படுக்கையறைச் சுவரின் உட்புறத்தில் மட்டும், சீரான இடைவெளியில் ஈரத் திட்டுகள் வரிசையாகத் தோன்றின. சுவருக்குள் இடைவெளி இருந்தாலும், இரு பக்கத்தையும் இணைக்கக் குறுக்கே வைக்கும் கற்கள் வழியாக ஈரம் பாலம் கட்டி உள்ளே வந்திருந்தது. ஆவணியில் மழை ஓய்ந்து சுவர் காய்ந்த பின் வெளிப்புறம் முழுவதும் பூசினோம். பூச்சு முடிந்த அன்று கட்டடக் கலைஞர் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. அதற்காக அவருக்கு நன்றி.

தாழ்வாரத்து ஓடுகளைப் பொறுத்தவரை கொத்தனாரின் அறிவே எங்களைக் காப்பாற்றியது. வரைபடத்தில் ஓடுகள் ரீப்பர் எனும் மரச்சட்டங்கள்மீது சும்மா அடுக்கப்பட்டிருந்தன. மேற்குக் காற்று அடியில் புகுந்து ஓட்டைத் தூக்கிவிடும் என்று அவர் எச்சரித்து, விளிம்பில் இரண்டு வரிசையைச் சாந்தில் பதித்து, மற்றவற்றைக் கம்பியால் ரீப்பரோடு கட்டினார். பக்கத்துத் தெருவில் அந்த ஆடியில் பறந்த ஓடுகளை எண்ணியவர்களுக்கு இதன் மதிப்பு தெரியும்.

தரைக்கு ஆத்தங்குடிக் கல் வேண்டுமென்று காரைக்குடி வரை போய் வந்தோம். கண்ணாடித் தகட்டின்மேல் இரும்பு அச்சை வைத்து, வண்ணக் கலவையைக் கரண்டியால் ஊற்றி, அதன்மேல் சிமெண்டும் மணலும் இட்டு, பிறகு தண்ணீரில் ஊற வைக்கிறார்கள். கல்லின் பளபளப்பு அந்தக் கண்ணாடியிலிருந்து வருவது. முற்றத்துக்கும் அதையே போடலாமா என்று கேட்டபோது, விற்பவரே வேண்டாம் என்றார்: மழையில் வழுக்கும், வெயிலில் நிறம் மங்கும். ஆகவே அது கூடத்திலும் உள்நடைகளிலும் நின்றுவிட்டது. முற்றத்திலும் வெளியிடங்களிலும் கொத்திய கருங்கல் பலகை. முற்றத்தின் மேலே கம்பி வலை இருக்கிறது. பூனை அதையும் மீறி வருகிறது.

வெளி விறகடுப்பைத் தென்கிழக்கு மூலையில் சாய்ப்பு இறக்கி வைத்தோம். மேற்குக் காற்று புகையை வெளியே தள்ளிவிடுகிறது. வடகிழக்குப் பருவக்காற்றில் புகை வீட்டுக்குள் திரும்பும் என்பது உண்மைதான். ஐப்பசி கார்த்திகை மழையில் வெளியே யார் அடுப்பு மூட்டப் போகிறார்கள் என்று விட்டுவிட்டோம். அம்மியும் ஆட்டுரலும் அங்கேயே இருக்கின்றன. அம்மி மட்டும் பயன்படுகிறது.

மழைநீர்க் குழியின் அளவுக்கும் ஒரு கணக்கு இருந்தது. 1,000 சதுர அடிக் கூரையில் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 930 லிட்டர் சேரும். இதை வைத்துப் பார்த்தபோது, முதலில் எண்ணியிருந்த குழி நல்ல மழையில் அரை மணி நேரம்கூடத் தாங்காது என்று தெரிந்தது. குழியை இரு மடங்காகப் பெருக்கினோம், முற்றத்துத் தண்ணீர் வண்டல் படியும் ஒரு சிறு தொட்டி வழியாக அதில் சேர்கிறது.

2025 ஐப்பசியில் பால் காய்ச்சினோம். அடுத்த வாரமே மழை பிடித்துக்கொண்டது. முற்றத்தில் நீர் தேங்கவில்லை, குழி நிரம்பி வழிந்தது, வேப்பமரத்துக் கோட்டை எட்டவில்லை. அந்த வேப்பமரத்துக்காகத்தான் வீட்டையே நான்கடி தெற்கே தள்ளினோம்.

மேற்கே வெயிலை மறைக்க நட்ட மூன்று புங்கங்கன்றுகள் இன்னும் இடுப்பளவுகூட வளரவில்லை. அவை வளரும் வரை தாழ்வாரத்துக்கு மூங்கில் தட்டி தொங்கவிட்டிருக்கிறோம். முதலில் கட்டிய இரண்டும் காற்றில் கிழிந்துவிட்டன. மூன்றாவதன் கீழ் விளிம்பைக் கயிற்றால் தூணோடு பிணைத்திருக்கிறோம். வரும் ஆடி வரை அது தாங்குமா என்று கொத்தனாரிடம் கேட்டேன். “கயித்த மாத்துங்க டீச்சர், கம்பி போடுங்க” என்று சொல்லிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து காப்பியைக் குடித்தார்.