ஹப்பிலிருந்து தொடங்குங்கள்

போட்டி ரோபோ வரைய உட்காரும் பிள்ளைகள் முதலில் கேட்பது, "எந்த மோட்டார் போடலாம்?" என்பதுதான். நான் சக்கரத்தின் நடுவிலிருந்து, அதாவது சக்கரத்தைச் சுழற்றும் பாகத்தோடு இணைக்கும் ஹப்பிலிருந்து தொடங்கச் சொல்வேன். எவ்வளவு பெரிய மோட்டார் போட்டாலும் அதன் பலம் இந்தச் சின்ன உருப்படியைக் கடந்துதான் தரைக்குப் போக வேண்டும்.

பக்கத்துக்கு மூன்றாக ஆறு சக்கரம் கொண்ட 50 கிலோ ரோபோ ஒன்றை எடுத்துக்கொள்வோம். கார்பெட்டில் டயரின் உராய்வுக் கெழு 1.1 என்றால், சக்கரம் வழுக்குவதற்குமுன் கிடைக்கும் தள்ளுவிசை சுமார் 540 நியூட்டன். 100 மி.மீ. விட்டமுள்ள சக்கரத்துக்கு அது மொத்தம் 27 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, அதாவது சுழற்றும் விசை. ஒரு பக்கத்துக்குப் பாதி, 13.5. எதிர் ரோபோவை முட்டித் தள்ளும்போது எடை சாய்ந்து, ஒரு பக்கத்துச் சுமை முழுவதும் ஒரே சக்கரத்தில் விழலாம். அதனால் ஒவ்வொரு ஹப்பும் தனியாக 13.5-ஐத் தாங்கும்படி வரைய வேண்டும்.

8 மி.மீ. உருண்டை ஷாஃப்டில் (சுழலும் தண்டில்) ஹப்பை செட் ஸ்க்ரூ, அதாவது பக்கவாட்டில் அழுத்தும் சின்னத் திருகு, வைத்துப் பிடித்தால், மையத்திலிருந்து தூரம் வெறும் 4 மி.மீ. ஸ்க்ரூ முனையில் 3,300 நியூட்டனுக்கு மேல் வருகிறது. ஷாஃப்டைக் கீறிக்கொண்டு அது நழுவத்தான் செய்யும். அதே முறுக்குவிசையை 48 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தில் ஆறு போல்ட் போட்டு வாங்கிப் பாருங்கள்: ஒரு போல்ட்டுக்கு நூறு நியூட்டன்கூட இல்லை! மோட்டாரும் சக்கரமும் அதேதான். மையத்திலிருந்து தள்ளிப் பிடித்ததில் வந்த வித்தியாசம் இது. ஹப் வரைவதில் எனக்கு மிகவும் பிடித்த இடமும் இதுதான்.

அதனால் முன், பின் சக்கரங்களுக்குச் சுழலாத அச்சையே விரும்புகிறேன். அச்சு சேசிஸில் (ரோபோவின் சட்டகத்தில்) இறுகி நிற்கும், பேரிங் சக்கரத்துக்குள் இருக்கும், செயின் இழுக்கும் பற்சக்கரமான ஸ்ப்ராக்கெட் நேராகச் சக்கரத்தில் போல்ட் ஆகும். அச்சுக்கு வளைவுச் சுமை மட்டுமே, முறுக்கு இல்லை. நடுச் சக்கரத்தை மட்டும் கியர்பாக்ஸின் அறுகோண ஷாஃப்டிலேயே மாட்டுவேன். ஆட்டத்தின் நடுவில் செயின் அறுந்தாலும் இரு பக்கமும் ஒரு சக்கரமாவது ஓடும். அந்த நடுச் சக்கரத்தை 3 மி.மீ. கீழே இறக்கியும் வைப்பேன், அப்போதுதான் ஆறு சக்கர வண்டி முரண்டு பிடிக்காமல் திரும்பும்.

சரி, இப்போது மோட்டாருக்கு வரலாம். போட்டி ரோபோக்களில் பயன்படும் சிஐஎம் (CIM) மோட்டார் சுமையில்லாமல் 5,330 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு அத்தனை சுற்று) சுற்றும். 40 ஆம்பியரில் சுமார் 0.7 நியூட்டன் மீட்டர் தரும். நான்கு போட்டால் 2.8. நமக்கு வேண்டியது 27, ஆக கியர் விகிதம் ஏறக்குறைய 10:1. சுமையில்லா வேகம் நொடிக்கு 2.8 மீட்டர்தான் வரும். பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள், வேகத்துக்காக 6:1 கேட்பார்கள். அதில் முட்டித் தள்ளும்போது ஒவ்வொரு மோட்டாரும் 60 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். பேட்டரி வோல்டேஜ் சரியும், பிடிவாதமாகத் தள்ளிக்கொண்டே இருந்தால் மின்சாரம் மிஞ்சினால் துண்டிக்கும் 40 ஆம்பியர் பிரேக்கர் விழும். 10:1-இல் அதற்கு முன்பே சக்கரம் வழுக்கிவிடும். தள்ளுமுள்ளு நிறைந்த ஆட்டத்துக்கு நான் 10:1-ஐத்தான் எடுப்பேன்.