சுவரோவியத்தை போனில் காட்டுவது எப்படி?

ஒரு கலை அருங்காட்சியகத்தின் இணையதளத்தைப் புதுசாக்கித் தரும் வேலை கையில் இருக்கிறது, பெயர் வேண்டாம். முதல் கூட்டத்தில் முக்கால்வாசி நேரம் முகப்பு ஸ்லைடரில் எந்தப் படம் முதலில் ஓட வேண்டும் என்பதிலேயே போய்விட்டது. தளத்துக்கு வருகிறவர் தேடுவது என்றைக்கு விடுமுறை, டிக்கெட் எவ்வளவு, உள்ளே போட்டோ எடுக்கலாமா என்பதைத்தான், அது முதல் திரையிலேயே தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதிதான் பெரிய வேலை. பழைய தளத்தில் பல குறிப்புகள் யூனிகோடுக்கு முந்தைய பாமினி எழுத்துருவில் தட்டியவை. அதில் 'கெ' என்றால் கொம்பு முதலில், 'க' அப்புறம். இன்றைக்கு எல்லாக் கருவியிலும் ஓடும் பொது முறையான யூனிகோடில் வரிசை தலைகீழ், எழுத்துரு மாற்றியில் போட்டு எடுத்தாலும் அங்கங்கே கொம்பு அடுத்த எழுத்தின் தலையில் போய் உட்கார்ந்துகொள்கிறது, ஆள் உட்கார்ந்து வரிவரியாகப் படிக்காமல் முடியாது. இன்னும் சில பக்கங்களில் தமிழே ஸ்கேன் செய்த படமாக இருக்கிறது. கூகுளிலும் அகப்படாது, பார்வையற்றவர்களின் திரைவாசிப்பானும் வாசிக்காது.

மாதிரிப் பக்கத்துக்கு நம்மூர் ராமநாதபுரத்தின் ராமலிங்க விலாசத்தை எடுத்துக்கொண்டேன். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தீட்டிய, இங்கே ஆண்ட சேதுபதி மன்னர்களின் அரண்மனைச் சுவர்கள்: ராமாயணம், பாகவதம், தஞ்சை மராட்டியரோடு நடந்த போர், சேதுபதியைப் பார்க்க வந்த ஐரோப்பியர்கள். இப்படி ஒரு சுவரை ஒரே படமாகப் போட்டால் போனில் தபால்தலை அளவுக்குச் சுருங்கிவிடும், அப்புறம் குதிரை எது ஆள் எது? பெரிய படத்தைச் சின்னச் சதுரங்களாக வெட்டி வைத்து, விரலால் பெரிதாக்கும் இடத்தை மட்டும் அனுப்பினால் போதும், உச்சிப்புளி பக்கம் எனக்குக் கிடைக்கிற சிக்னலுக்கே அது ஓடுகிறது.

'இவ்வளவு தெளிவாகப் போட்டால் எடுத்துக்கொண்டு போய்விடுவார்களே' என்றார் ஒரு பெரியவர். எடுக்கட்டும் சார்! நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017இல் காப்புரிமை முடிந்த படைப்புகளின் படங்களை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்துவிட்டது, ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியம் அதற்கும் முன்பே. நம் சட்டத்தில் ஓவியர் இறந்து 60 ஆண்டு கழிந்தால் ஓவியத்தின் காப்புரிமை முடிந்தது. ஓவியத்தைப் போட்டோ எடுத்தவரின் உரிமை தனிக் கணக்கு, அதை எழுத்தில் வாங்கி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

இந்த வாரம் பழைய பக்க முகவரிகளை எல்லாம் எக்செலில் இறக்கி, ஒவ்வொன்றுக்கும் எதிரே புது முகவரியை எழுதிக்கொண்டிருக்கிறேன். 'பக்கம் நிரந்தரமாக இடம் மாறிவிட்டது' என்று சொல்லும் 301 குறியீட்டைப் போட்டுத் திருப்பிவிடாவிட்டால், விக்கிப்பீடியாவில் தந்திருக்கும் சுட்டிகள் மொத்தமும் 404, அதாவது 'பக்கம் இல்லை'தான்.