கொலாஜன் பின்னாடியே போனா செல் முழுக்க சுத்திடலாம்

ப்ளஸ் ஒன்ல செல் சாப்டர் படிச்ச யார வேணா எழுப்பி கேளுங்க, உட்கரு கட்டுப்பாட்டு மையம், மைட்டோகாண்ட்ரியா ஆற்றல் நிலையம், ரைபோசோம் புரதத் தொழிற்சாலை, லைசோசோம் தற்கொலைப் பை னு கடகடன்னு ஒப்பிப்பாங்க. அடுத்த சாப்டர் உயிரி மூலக்கூறுகள். அங்க கார்போஹைட்ரேட், லிப்பிட், புரோட்டீன், நியூக்ளிக் அமிலம்னு இன்னொரு லிஸ்ட். ரெண்டுக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி தனித்தனியா மனப்பாடம் பண்ணிட்டு, நீட் மாக் டெஸ்ட்ல கொஞ்சம் சுத்தி கேட்டா முழிக்கிறாங்க. நான் டியூஷன்ல பயாலஜி எடுக்குறவன், இத பார்த்து பார்த்து கடுப்பாகி இப்பல்லாம் வேற மாதிரி தான் எடுக்குறேன். ஒரே ஒரு புரோட்டீன எடுத்துக்கறது, அது பொறக்குறதுல இருந்து வேலைக்கு போற வரைக்கும் பின்னாடியே போறது. அவ்ளோ தான். போற வழியில எல்லா உறுப்பும் தானா வந்துரும்.

நான் எடுக்குற புரோட்டீன் கொலாஜன். என்சிஇஆர்டி புக்ல ஒரு வரி இருக்கும், விலங்குகள்ல அதிகமா இருக்குற புரதம் கொலாஜன், மொத்த உயிர்க்கோளத்துலயும் அதிகம் ருபிஸ்கோ (செடிங்கள்ல ஒளிச்சேர்க்கைக்கு வேணுங்கிற நொதி) அப்டின்னு. அத ஒரு மார்க்குக்கு டிக் அடிச்சிட்டு எல்லாரும் தாண்டி போயிடுவாங்க. ஆனா நம்ம தோல், எலும்பு, தசைநாண், குருத்தெலும்பு, பல்லோட உள்பகுதி எல்லாத்துலயும் இது தான் இருக்கு, உடம்புல இருக்குற புரதத்துல கால்வாசிக்கு மேலயே இது தான். ஆட்டுக்கால் சூப் மிச்சமானத ஃப்ரிட்ஜ்ல வெச்சா காலைல ஜெல்லி மாதிரி உறைஞ்சு நிக்குமே, அது கொதிச்சு பிரிஞ்சு போன கொலாஜன், அதாவது ஜெலட்டின்.

மொதல்ல மூலக்கூற பார்ப்போம். புரதம்னா அமினோ அமிலங்கள் வரிசையா கோர்த்தது, ரெண்டு அமினோ அமிலம் சேரும்போது ஒரு தண்ணி மூலக்கூறு வெளிய போகும், நடுவுல பெப்டைட் பிணைப்பு வரும், இதெல்லாம் புக்ல இருக்கு. கொலாஜன்ல விசேஷம் என்னன்னா ஆயிரத்துக்கு கொஞ்சம் மேல அமினோ அமிலம் நீளத்துக்கு, ஒவ்வொரு மூணாவது இடத்துலயும் கிளைசின் தான் உட்காந்திருக்கும். கிளைசின், ஏதோ ஒண்ணு, ஏதோ ஒண்ணு, மறுபடி கிளைசின்... இப்டியே போகும். அந்த ஏதோ ஒண்ணுங்கள்ல நெறைய புரோலின். ஏன் கிளைசின்? இருபது அமினோ அமிலத்துலயே சின்னது அது தான், பக்கச் சங்கிலினு பேருக்கு ஒரே ஒரு ஹைட்ரஜன். இப்டி மூணு சங்கிலி சேர்ந்து கயிறு திரிச்ச மாதிரி ஒண்ணையொண்ணு சுத்திக்கும், அந்த நடுப்பகுதி அவ்ளோ நெருக்கம், அங்க ஹைட்ரஜன தவிர வேற எதுவும் நுழையாது. மூணாவது இடம் ஒவ்வொண்ணும் அந்த நடுவுக்கு தான் வரும், அதனால அங்க கிளைசினே தான் இருந்தாகணும்.

இந்த முச்சுருளி அமைப்ப கண்டுபிடிச்சது எங்கனு கேட்டா பசங்க கேம்பிரிட்ஜ், அமெரிக்கானு தான் சொல்வாங்க. சென்னைல தான்! மெட்ராஸ் யுனிவர்சிட்டி இயற்பியல் துறைக்கு 1952ல தலைவரா வந்த ஜி.என். ராமச்சந்திரன், அப்ப அவருக்கு வயசு முப்பது கிட்ட தான், அவரும் கோபிநாத் கர்த்தாவும் எக்ஸ்ரே படங்கள வெச்சு 1954ல நேச்சர் பத்திரிகைல இந்த மூணு சங்கிலி மாடல போட்டாங்க, அடுத்த வருஷமே அத இன்னும் திருத்தி மூணும் சேர்ந்து சுத்திக்கிற மாதிரி காட்டினாங்க. டிஎன்ஏ இரட்டைச் சுருளி புகழ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் 1955ல, மாடல் அடிப்படைல சரி, ஆனா சில அணுக்கள் ரொம்ப கிட்ட கிட்ட வருது, ஹைட்ரஜன் பிணைப்போட எண்ணிக்கையும் இப்டி வராதுனு எதிர்த்து எழுதினாங்க (பிணைப்பு விஷயத்துல அவங்க சொன்னது தான் இன்னிக்கும் நிக்குது). சரி அப்ப ரெண்டு அணு எவ்ளோ கிட்ட வரலாம், எவ்ளோ கிட்ட வரவே கூடாதுனு ராமச்சந்திரன் உட்காந்து கணக்கு போட ஆரம்பிச்சாரு. அந்த கணக்கு தான் 1963ல ராமச்சந்திரன் பிளாட்னு ஒரு வரைபடமா வந்துச்சு, கூட எழுதினவங்க சி. ராமகிருஷ்ணனும் வி. சசிசேகரனும். இன்னிக்கு உலகத்துல யார் புது புரத அமைப்ப கண்டுபிடிச்சாலும் அது சரியா இருக்கானு இந்த படத்துல வெச்சு தான் செக் பண்றாங்க. இடைல ஒண்ணு, இந்த ராமகிருஷ்ணன் வேற, ரைபோசோமுக்காக 2009ல நோபல் வாங்கின சிதம்பரத்துல பொறந்த வெங்கி ராமகிருஷ்ணன் வேற, வருஷா வருஷம் யாராவது ஒருத்தர் குழப்பிக்கிறாங்க.

சரி, இப்ப செல்லுக்குள்ள போவோம். தோல்ல கொலாஜன் தயாரிக்கிற ஃபைப்ரோபிளாஸ்ட்னு ஒரு செல்ல எடுத்துக்குவோம். நம்ம உடம்புல கொலாஜன் நெறைய வகை இருக்கு, அதிகமா இருக்குறது டைப் ஒன். அதுல மூணு சங்கிலில ரெண்டு ஒரே மாதிரி, மூணாவது கொஞ்சம் வேற. அந்த ரெண்டுக்கான ஜீன் 17வது குரோமோசோம்ல, மூணாவதுக்கான ஜீன் 7வதுல. ரெண்டு வேற வேற குரோமோசோம்ல இருந்து வர்ற ஆளுங்க பின்னாடி ஒண்ணா சேரணும், அது எங்கனு யோசிச்சுட்டே வாங்க. 17ல இருக்குற ஜீன் சுமார் 18,000 எழுத்து நீளம், ஆனா புரதத்துக்கு நேரா தேவைப்படுறது கிட்டத்தட்ட 4,400 எழுத்து தான், மிச்சத்துல பெரும்பாலானது இன்ட்ரான். உட்கருவுக்குள்ளயே டிஎன்ஏவ பார்த்து ஆர்என்ஏ எழுதி, இன்ட்ரான வெட்டி எறிஞ்சு, மிச்சத்த ஒட்டி, அந்த எம்ஆர்என்ஏ உட்கருத் துளை வழியா வெளிய வரும். டிஎன்ஏ உள்ளயே தான் இருக்கும்.

வெளிய வந்ததும் ஒரு ரைபோசோம் பிடிச்சுக்கும். இங்க தான் பாதி பேருக்கு சந்தேகம் வரும், சொரசொரப்பான எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலம்ல (சுருக்கமா ஈஆர்) ஒட்டியிருக்குற ரைபோசோம் வேற ஜாதி, சைட்டோபிளாசத்துல மிதக்குறது வேற ஜாதினு நெனச்சுக்கிறாங்க. இல்ல, ரெண்டும் ஒண்ணே தான். எல்லா ரைபோசோமும் சைட்டோபிளாசத்துல தான் வேலைய ஆரம்பிக்குது. முதல்ல வெளிய வர்ற கொஞ்சம் அமினோ அமிலங்கள்ல ஒரு முகவரி எழுதியிருக்கும், அதுக்கு சிக்னல் பெப்டைட்னு பேரு, அது தெரிஞ்சதும் மொத்த ரைபோசோமயும் இழுத்துட்டு போய் ஈஆர் சவ்வுல ஒட்ட வெச்சிடும், மிச்ச சங்கிலி நேரா ஈஆர் உள்ள இறங்கும். இத கண்டுபிடிச்ச குந்தர் பிளோபெலுக்கு 1999ல நோபல் கிடைச்சுச்சு.

ஈஆர் உள்ள நடக்குறது தான் எனக்கு ரொம்ப பிடிச்ச இடம். சங்கிலில இருக்குற நெறைய புரோலின்ல ஒரு நொதி ஹைட்ராக்சில் ஒட்டி ஹைட்ராக்சிபுரோலினா மாத்தும். எந்த மூணு எழுத்துக்கு எந்த அமினோ அமிலம்னு சொல்ற கோடான் டேபிள முழுக்க தேடினாலும் ஹைட்ராக்சிபுரோலின் இருக்காது, ஏன்னா அது சங்கிலி கட்டினதுக்கு அப்புறம் பண்ற வேலை. இந்த நொதிக்கு ஆக்சிஜன் வேணும், இரும்பு வேணும், ஆல்ஃபா கீட்டோகுளுட்டரேட் வேணும். கடைசி பேர எங்கயோ கேட்ட மாதிரி இருக்கா? மைட்டோகாண்ட்ரியாக்குள்ள நடக்குற கிரெப்ஸ் சுழற்சில வருமே, அதே தான், மைட்டோகாண்ட்ரியா ஏடிபி மட்டும் தான் குடுக்கும்னு நெனச்சவங்க இங்க நின்னு பார்க்கணும். அப்புறம் நாலாவதா ஒண்ணு வேணும், வைட்டமின் சி. அந்த இரும்ப வேலை செய்யற நிலைல வெச்சிருக்குறது அது தான். அது இல்லனா நொதி நின்னுடும், ஹைட்ராக்சிபுரோலின் குறையும், முச்சுருளி உடம்பு சூட்டுல நிக்காது. சோதனைல பார்த்ததுல ஹைட்ராக்சில் இல்லாத கொலாஜன் சுமார் 24 டிகிரிலயே பிரிஞ்சிடுது, இருக்குறது 39 டிகிரி கிட்ட வரைக்கும் தாங்குது. நம்ம உடம்பு 37. புரியுதா இப்ப, ஸ்கர்வி வந்தா ஏன் ஈறுல ரத்தம் வருது, பழைய காயத் தழும்பு கூட ஏன் மறுபடி திறந்துக்குதுன்னு? "வைட்டமின் சி குறைபாடு – ஸ்கர்வி" னு பொருத்துக-ல போட்டுட்டு போறதுக்கும் இதுக்கும் எவ்ளோ தூரம் பாருங்க. 1747ல ஜேம்ஸ் லிண்ட் கப்பல்ல மாலுமிகளுக்கு ஆரஞ்சும் எலுமிச்சையும் குடுத்து பார்த்தப்ப அவருக்கு வைட்டமின்னு ஒண்ணு இருக்குறதே தெரியாது. ஆடு அதுவே வைட்டமின் சி தயாரிச்சுக்கும், நமக்கு அந்த கடைசி நொதியோட ஜீன் பழுதாகி கெடக்கு, அதனால நெல்லிக்காய், கொய்யானு வெளிய இருந்து தான் வரணும்.

ஹைட்ராக்சில் ஒட்டினதுக்கு மேல சில இடத்துல குளுக்கோஸ், கேலக்டோஸ் சர்க்கரையும் ஒட்டும், கார்போஹைட்ரேட் சாப்டர் இங்க உள்ள வந்துருச்சு. அப்புறம் தான் மூணு சங்கிலியும் ஒரு முனைல இருந்து ஆரம்பிச்சு சுத்திக்கும். 17ல இருந்தும் 7ல இருந்தும் வந்த சங்கிலிங்க சந்திச்சுக்குற இடம் ஈஆர்.

இதுல ஒரே ஒரு கிளைசின் மாறினா என்ன ஆகும்? கிளைசினோட கோடான் எல்லாம் ஜிஜி-ல ஆரம்பிக்கும். கடைசி எழுத்து சி அல்லது யு-வா இருக்குறப்ப, முதல் ஜி-க்கு பதிலா ஏ வந்தா செரின் ஆயிடும், யு வந்தா சிஸ்டீன். ஒரு எழுத்து தான். ஆனா அந்த நெருக்கமான நடுவுல பெரிய ஆள் வந்து உட்காந்தா சுருளி அந்த இடத்துல தடுமாறும், எலும்பு சும்மா சும்மா உடையும் ஆஸ்டியோஜெனிசிஸ் இம்பெர்ஃபெக்டானு ஒரு நோய் வரும். பாயிண்ட் மியூட்டேஷன்னா அரிவாள் செல் மட்டும் தான்னு இல்ல.

அடுத்தது கோல்கை, புரதத்த பேக் பண்ணி அனுப்புற இடம். புக்குல ஈஆர்ல இருந்து ஒரு சின்ன உருண்ட பை பிரிஞ்சு கோல்கைக்கு போற மாதிரி படம் போட்டிருப்பாங்க. சாதாரணமா அந்த பை 60-80 நானோமீட்டர் தான். நம்ம கொலாஜன் 300 நானோமீட்டர் நீளத்துக்கு விறைப்பா ஒரு குச்சி. எப்டி உள்ள போகும்? போகாது! அதுக்குனு சவ்வ இன்னும் பெருசா இழுத்து தனி ஏற்பாடு பண்ணுது செல், அதுக்கு உதவி பண்ற டேங்கோ1னு ஒரு புரதமும் இருக்கு, விவரம் முழுக்க இன்னும் ஆராய்ச்சில தான் ஓடிட்டிருக்கு. சவ்வு இப்டி வளையறதும் பிரியறதும் ஒட்டறதும் முடியறதுக்கு காரணம் அது பாஸ்போலிப்பிட் ரெண்டடுக்கா இருக்குறது தான், லிப்பிட் சாப்டரும் முடிஞ்சுது. சரியா மடியாத கொலாஜன்ல ஒரு பங்கு லைசோசோமுக்கு போய் சிதைஞ்சுடும், தற்கொலையெல்லாம் ஒண்ணும் இல்ல, தினசரி குப்பை வேலை தான்.

வெளிய வந்ததுக்கு அப்புறமும் வேலை முடியல. கொலாஜனோட ரெண்டு முனைலயும் ஒரு நீட்டு விட்டிருக்கும், அத செல்லுக்கு வெளிய இருக்குற நொதிங்க தான் வெட்டும். ஏன் உள்ளயே வெட்டக்கூடாது? வெட்டின உடனே ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து தடிமனான நாரா ஆயிடும், அது செல்லுக்குள்ள நடந்தா செல் கதை கந்தல். வெளிய நாரா ஆனதுக்கு அப்புறம் தாமிரம் தேவைப்படுற இன்னொரு நொதி வந்து குறுக்கு பிணைப்பு போட்டு இறுக்கும்.

எப்பவும் கடைசியா ஒரு கேள்வி வரும், சார் அப்ப கொலாஜன் பவுடர் வாங்கி சாப்ட்டா தோல் பளபளன்னு ஆயிடுமானு. வயித்துக்கு போனா அதுவும் புரதம் தான், பெப்சினும் டிரிப்சினும் அத அமினோ அமிலமாவும் சின்ன சின்ன துண்டாவும் நறுக்கிடும், முழு முச்சுருளி அப்டியே போய் கன்னத்துல உட்காராது. அதுக்கு குடுக்குற காச பார்த்தா எனக்கு ஆட்டுக்கால் சூப்பே போதும்னு தோணுது.

வீட்டுக்கு ஒரு கேள்வி குடுத்து விடுவேன். முடிலயும் நகத்துலயும் இருக்குறது கெரட்டின், அதுவும் நார் புரதம் தான், ஆனா அது செல்ல விட்டு வெளிய போகாது, உள்ளயே நெறஞ்சு செல்லே செத்து தட்டையாகும். அப்ப கெரட்டினுக்கு சிக்னல் பெப்டைட் இருக்குமா, எந்த ரைபோசோம் அத பண்ணும், கோல்கைக்கு போகுமா? புக்க பார்க்காம எழுதிட்டு வாங்க.